நான்காம் எண் கோப்பை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களில் ஒருவர் போன வாரம் ஆரணியில் இருக்கும் எனக்குப் போன் செய்து, பர்கண்டி, பாரோலோ என்ற இரண்டு ஒயின்களையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்ல ஒரு சுலப வழி கேட்டார். அப்படி ஒரு வழி இருந்திருந்தால் நான் முப்பத்தொரு வருஷம் கஷ்டப்பட்டிருக்க மாட்டேன். பாரோலோவில் ரோஜாப்பூவும் அப்போதுதான் போட்ட தார் ரோடும் சேர்ந்து மணக்கும். இரண்டும் எப்படி ஒரே கோப்பையில் குடித்தனம் செய்கின்றன என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ரியோகாவில் கொப்பரைத் தேங்காய் வரும். போர்தோவில் சீவிய பென்சில் வரும். பரோசா ஷிராஸில் நாவல்பழத்தோடு மிளகைத் தட்டிப்போட்ட காரம் இருக்கும். நம் நாசிக் பக்கத்து ஷிராஸ் அதற்குத் தங்கச்சி, கொஞ்சம் அவசரக்காரி. பர்கண்டியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதில்தான் என் கதையே இருக்கிறது. இந்த வாசனைகள் எல்லாம் ஆறு மாதம் ஒழுங்காக மோந்து பார்த்தால் உங்களுக்கே பழகிவிடும்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஹோட்டலில் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகத் தாங்கள் ஜெயித்த கதையைத்தான் எழுதுவார்கள். என்னிடமும் அப்படி நாலைந்து இருக்கின்றன, கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் எடுத்துவிடுவேன். உங்களுக்கு உபயோகப்படப்போவது நான் தோற்ற கதை.

அதற்கு முன்னால் ஒரு சின்னத் தவறைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிற வழக்கம் கிடையாது. அண்ணாந்து, தூக்கித்தான் குடிப்போம். ஹோட்டலில் என்னை முதன்முதலாகச் சுவைக்கும் மேஜையில் உட்காரவைத்த அன்று, நீளக் காம்பு வைத்த அந்தக் கோப்பையை எடுத்து, பழக்கதோஷத்தில் அண்ணாந்து வாயில் ஊற்றிவிட்டேன். ஒயின் நேராகத் தொண்டைக்குள் போயிற்று. என்ன வாசனை வந்தது என்று கேட்டார்கள். வாசனை வருவதற்குள் சரக்கு உள்ளே போய்விட்டதே, என்னத்தைச் சொல்வது. அதைவிடப் பெரிய சங்கடம், துப்புவது. நாலு பேர் எதிரில் எச்சில் துப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு கோப்பையையும் விழுங்கினேன். எட்டாவது கோப்பையிலிருந்து உலகத்தில் கெட்ட ஒயினே இல்லை என்று தோன்றியது. அன்றைக்கு நான் போட்ட மார்க் தாளைப் பல வருஷம் அங்கே சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆகையால் வாய் வைத்து உறிஞ்சுங்கள், கூச்சப்படாமல் துப்புங்கள்.

எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு, குடி என்ற பேச்சே ஆகாது. என்ன வேலை பார்க்கிறாள் உன் பெண் என்று தெருவில் கேட்டால், வேதத்தில் வருகிற திராட்சரசத்தைச் சோதிக்கிற வேலை என்று அம்மா நிமிர்ந்து நின்று சொல்வார். கேட்டவர்களும் சரி, ஏதோ ஊழியம் போலிருக்கிறது என்று போய்விடுவார்கள்.

அப்பா பட்டு நெய்தவர். இப்போது தம்பி ஆறு தறி வைத்திருக்கிறான், நன்றாகவே ஓடுகிறது. எங்கள் தெருவில் சிவப்பு என்று யாரும் மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். அரக்கு, குங்குமம், மாதுளை, வெங்காயத்தோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு. கோப்பையைச் சாய்த்து விளிம்பின் நிறத்தை வைத்து ஒயினின் வயதைச் சொல்ல மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகினார்கள். எனக்கு அது வீட்டுச் சமாசாரம். இளசாக இருந்தால் மாதுளை, வயதாக ஆக வெங்காயத்தோல். ஊர் எனக்குக் கண்ணைக் கொடுத்தது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். மூக்குக்கு என்ன கொடுத்தது என்று யோசித்துப் பார்த்ததே இல்லை.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது நடந்தது இது. அப்போது சென்னையில் எங்கள் ஹோட்டலுக்கு நான்தான் தலைமைச் சுவைப்பாளர். எனக்குக் கீழே மூன்று பேர். இரண்டு பேர் பத்து வருஷம் என்னோடு இருந்த பையன்கள், பையன்கள் என்றால் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. மூன்றாவது மகேஸ்வரி. தேசூர்ப் பெண், வயது இருபத்து நாலு. அவள் அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கழனி வேலை செய்கிறவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை முதலில் வாங்கியவள் இவள்தான், அதில்தான் வீடும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகு நான் எழுதுகிற அறிக்கையைப் பொறுத்து வேலை நிரந்தரம். நான் வேண்டாம் என்று எழுதினால் மாதக் கடைசியோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். அவளுக்கு அது தெரியாது, ஏனென்றால் எனக்குக் கோபம் மூக்கின்மேல் என்பது மட்டும்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆறாவது மாதத்தின் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு கோப்பை வரிசையாக வைத்தார்கள். புதிதாகத் திறக்கப்போகிற ரெஸ்டாரண்டுக்குச் சிவப்பு ஒயின் தேர்வு. எது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது, எண் மட்டும்தான். நடுவில் ஒரே ஒயினை இரண்டு வேறு பாட்டில்களிலிருந்து இரண்டு எண்களில் வைப்பார்கள், எங்கள் மார்க் ஆடுகிறதா நிலையாக இருக்கிறதா என்று பார்க்க. அன்று அப்படி வைத்தது நான்காம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும். பத்து வருஷம் வயதான பர்கண்டி. எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன்.

வயதான பர்கண்டியில் ஈர மண் வாசனை வரும். மழை விட்ட தோட்டம், உதிர்ந்த இலை, காளான், அதெல்லாம் அதன் அழகு. பாட்டிலை அடைத்திருக்கும் தக்கை கெட்டுப்போனாலும் ஈரத்தின் வாடைதான் வரும், ஆனால் அது மக்கிய அட்டை, ஈரச் சாக்கு, அது குற்றம். தக்கை வந்த மூட்டையே கெட்டிருந்தால் சரக்கு முழுவதும் அப்படித்தான் இருக்கும். அழகுக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு சில நேரம் மிக மெலிதாக இருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம்.

நான்காம் எண்ணை மூக்குக்குக் கொண்டு போனேன். எப்படிச் சொல்வது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஒயின் என்னிடம் பேசியதே இல்லை. இருபதுக்குப் பத்தொன்பது போட்டேன். ஒன்பதாம் எண்ணுக்கும் பத்தொன்பது. தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது என் பையன்கள் இருவரும் பதினெட்டு, பதினெட்டு என்று போட்டிருந்தார்கள். மகேஸ்வரி நான்காம் எண்ணுக்கு நாலு மார்க், ஒன்பதாம் எண்ணுக்கு நாலு மார்க். இரண்டுக்கும் பக்கத்தில் 'மக்கிய சாக்கு' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஈர மண்ணுக்கும் ஈரச் சாக்குக்கும் வித்தியாசம் தெரியலைன்னா, இந்த வேலைக்கு எதுக்கும்மா வந்தே?"

"தெரியும் மேடம்," என்றாள்.

தெரியும் என்று அவள் சொன்னது திமிர் என்று எனக்குப் பட்டது. அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினேன். முகர்வுத் திறன் இன்னும் போதவில்லை, நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்க இயலாது. இரண்டே வரி. எழுதி மேலாளருக்கு அனுப்பிவிட்டு, மகேஸ்வரியிடமும் சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், மிச்சமிருந்த விடுமுறையை எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே ஊருக்குக் கிளம்பினாள். அந்தப் பர்கண்டியை மொத்தமாக வாங்குவதற்கு ஒப்பந்தம் திங்கட்கிழமை கையெழுத்தாக இருந்தது. மெனு அட்டையில் அதன் கீழே என் பெயரைப் போடப்போவதாகவும், தலைமைச் சுவைப்பாளரின் தேர்வு என்று அச்சடிக்கப்போவதாகவும் மேலாளர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை நானும் ஆரணிக்கு வந்தேன். மாதிரிக்கு வந்த பாட்டில்களில் திறக்காமல் மீந்தவற்றில் ஒன்றைத் தலைமைச் சுவைப்பாளர் எடுத்துக்கொள்வது எங்கள் பிரிவில் வழக்கம். அந்தப் பர்கண்டியைப் புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். மாடியில் எனக்கென்று ஒரு அறை உண்டு. தம்பி கண்ணில் படாமல், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே அரைக் கோப்பை குடிக்கலாம் என்று திட்டம்.

ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் பெய்திருந்தது. தம்பி தறிக்கூடத்தில் இருந்தான். அங்கே எல்லாம் குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்குத் தறிக்குக் கீழே இடுப்பளவு பள்ளம் இருக்கும். மழைத் தண்ணீர் ஊறிப் பள்ளம் எல்லாம் நிறைந்துவிட்டிருந்தது. தம்பி மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, டேபிள் ஃபேனைப் பள்ளத்துக்குள் திருப்பி வைத்திருந்தான். நான் வாசற்படியில் நின்றேன். அந்த வாசனை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா நெய்கிற பள்ளத்தில் அவர் காலுக்குப் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்வேன். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தேன். இழுத்த இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான்காம் எண் கோப்பை.

தம்பி திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா, கண்ண மூடிகினு நிக்கிற? மயக்கமா?"

"இல்லடா. வாசனையா இருக்குது."

"வாசனையா? நாத்தம்க்கா இது. நாலு நாளா பேஜாராக்கீது. பாவு நூலு பூரா பூஞ்சை கட்டிகினு வருது. வாசனையாமே."

நான் மாடிக்குப் போய்ப் பாட்டிலைத் திறந்தேன். என் மூக்கை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று அதற்குள் புரிந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். தம்பி சர்ச் கமிட்டியில் இருக்கிறவன். டம்ளரைப் பார்த்ததும் நான் ஏதோ பாம்பை நீட்டியது போல இரண்டடி பின்னால் போனான். குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பார், இது என் வேலை விஷயம், ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கை மட்டும் நீட்டினான். பிறகு பள்ளத்தைப் பார்த்தான். மறுபடி டம்ளரைப் பார்த்தான்.

"நம்ம குழிதான் இது. இதையா காசு குடுத்துக் குடிக்கிறாங்க?"

அங்கேயே தறிப் பலகையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். டம்ளரை அப்படியே வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மண் வாசனையாக இருந்தால் காற்றுப் பட்டதும் விலகிவிடும், பின்னாலிருந்து பழம் எட்டிப் பார்க்கும். கெட்ட தக்கையாக இருந்தால் வாடைதான் வளரும். வளர்ந்தது. பழம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. வெள்ளிக்கிழமையும் இருந்திருக்காது. இல்லாததை நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் எனக்கு அப்பா காலடியில் உட்கார இடம் கிடைத்திருந்தது.

பிள்ளைகளே, அந்த ஒரு மணி நேரத்தில் நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மகேஸ்வரி எண் மட்டும் போட்ட பன்னிரண்டு கோப்பையில் ஒரே ஒயினை இரண்டு இடத்தில் கண்டுபிடித்து, இரண்டிலும் ஒரே மார்க்கும் ஒரே குறிப்பும் எழுதியிருந்தாள். குருட்டாம்போக்கில் எழுதுகிறவர்களுக்கு அப்படி வராது. தாளில் கண்ணெதிரே இருந்தது, அவள் மூக்கின் சான்றிதழ். நான் அதையே அவளுக்கு எதிராகத் திருப்பினேன். சரி, என் பையன்கள் இருவரும் எப்படிப் பதினெட்டு போட்டார்கள்? அவர்களுக்குக் குழித்தறி வீடு கிடையாது. அதற்கும் பதில் கிடைத்தது. நான் கோப்பையை மோந்ததும் என் முகம் எப்படி ஆயிற்று என்று அவர்கள் பார்த்திருப்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்த முகத்தைப் பார்த்துவிட்டு எவன் நாலு மார்க் போடுவான். மகேஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தாள். அந்தக் குற்றத்துக்குத்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.

மேலாளருக்குப் போன் செய்து, அந்தச் சரக்கு கெட்டது, வாங்க வேண்டாம் என்றேன். அவர் நல்ல மனிதர், என்னிடம் மரியாதை உள்ளவர், அதனால்தான் அவர் பேசியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. விருந்தாளிகளில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது என்றார். மெனு அட்டை அச்சுக்குப் போய்விட்டது என்றார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற நேரத்தில், தலைமைச் சுவைப்பாளருக்குக் கெட்ட தக்கை தெரியவில்லை என்ற பேர் எதற்கு என்றார். அந்தப் பெண்ணுக்கு வேறு எங்காவது நானே சொல்லி வேலை வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னார். ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. ஐந்து நிமிஷம் என் மனது அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் சின்னப் பெண், வேறு வேலை கிடைக்கும், நான் இனி எங்கே போய்ப் பேர் சம்பாதிப்பது என்று. திங்கட்கிழமை வந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பஸ் ஏறினேன். வந்தவாசியில் மாறி, தேசூரில் இறங்கி, பேரைச் சொல்லி விசாரித்தால் ஒரு கடைக்காரர் கைகாட்டினார். ஹோட்டலில் வேலை செய்கிற பொண்ணு வீடு என்றால் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு அறையும் சமையலறையுமாகத் தளம் போட்ட சின்ன வீடு. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார், பெண்ணுக்கு விடுமுறை முடிவதற்குள் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். மகேஸ்வரி வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அம்மா டீ போட உள்ளே போனதும் நான் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். பள்ளம், தம்பி, டம்ளர், எல்லாம். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, வார்த்தை கோணல்மாணலாகத்தான் வந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் சின்னதா இருக்கும்போது கூலிக்கு நெல்லு குடுப்பாங்க மேடம். மழையில நனைஞ்ச மூட்டைதான் எங்களுக்கு வரும். சோறு பூரா அந்த வாடைதான் அடிக்கும். பசிக்கும், ஆனா வாய்ல வைக்க முடியாது. அந்த வாடைய நான் தூக்கத்துல கூட சொல்லிடுவேன்."

"அன்னிக்கே சொல்லி இருக்கலாமேம்மா."

"தெரியும்னு சொன்னேனே மேடம். ஆனா நீங்க அப்படிச் சொன்னப்பறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நேத்து பக்கத்து வீட்டுல கேட்டு, நனைஞ்ச மூட்டை ஒண்ண பிரிச்சு மோந்து பாத்துகினு இருந்தேன். மூக்கு வேலை செய்யுதா இல்லையான்னு."

வேலை போனதைவிட அது எனக்கு வலித்தது. இந்த வேலையில் நம்மிடம் இருக்கிற ஒரே கருவி மூக்கு. அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டால் எந்த ஊர் ஒயினும் எந்தப் புத்தகமும் உதவாது. அவள் மூக்கு சரியாக இருந்தது. அதை அவளே நம்பாதபடி இரண்டு நாளில் நான் செய்துவிட்டேன், அதுவும் பத்து வார்த்தையில். உங்களில் யாராவது ஒருநாள் தலைமை நாற்காலியில் உட்காருவீர்கள். அப்போது கெட்ட ஒயினை நல்லது என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை, அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். நல்ல மூக்கைக் கெட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

டீ குடித்தோம். நாளைக்கு என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் உன் மார்க் சரி என்பதை எல்லோர் முன்னாலும் சொல்வேன், நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தானே திருப்பி வாங்க வேண்டும் என்றேன். அவள் முதல்முறையாகச் சிரித்தாள். விடியற்காலை வண்டிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒப்பந்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, மகேஸ்வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலாளரையும் என் பையன்களையும் சுவைக்கும் அறைக்குக் கூப்பிட்டேன். மறுபடி பன்னிரண்டு கோப்பை, புது எண்கள், ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தது. பழைய நான்காம் எண் இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. உட்காருவதில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். என் முதுகைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தாள்களை மேலாளர் வாங்கிப் பார்த்தார். பையன்கள் இருவரும் அந்தப் பர்கண்டிக்கு ஐந்தும் ஆறும் போட்டு, ஈரக் காகிதம் என்று எழுதியிருந்தார்கள். மகேஸ்வரி நாலு. நான் பத்தொன்பது.

ஆமாம், பத்தொன்பது. உண்மை தெரிந்த பிறகும் என் மூக்கு மாறவில்லை. கோப்பை கிட்டே வந்ததும் எனக்கு மறுபடி அப்படியே கண் கலங்கியது. மேலாளர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். இந்த ஒரு வாடையில் என் மூக்கை நம்பாதீர்கள், இனி எப்போதும் நம்பாதீர்கள், எனக்கு இது என் வீடு. இந்த வாடை வருகிற ஒயின் எதுவானாலும் மகேஸ்வரி சொல்வதே முடிவு. வெள்ளிக்கிழமை அவளைப் பற்றி நான் எழுதியது தவறு, அவளை அப்படிக் கேட்டதும் தவறு. என் பையன்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரக்கை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப, நிராகரிப்புத் தாளில் நிரந்தரப் பணியாளர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பையன்கள் போடுகிறோம் என்று முன்வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். முதலில் கண்டுபிடித்தவள் போடட்டும், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிட்டு வாருங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். என் பழைய அறிக்கையை எடுத்துவரச் சொல்லி, என் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். நான் அங்கேயே நின்று புதியது எழுதிக் கொடுத்தேன், அவர் அதில் கையெழுத்துப் போட்டு மகேஸ்வரியிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு நிராகரிப்புத் தாள் வந்தது. தலைமைச் சுவைப்பாளர் மேலே, மற்றவர் கீழே என்பது வழக்கம். பேனாவை அவளிடம் கொடுத்து மேலே காட்டினேன். மகேஸ்வரி எழுதினாள், 'மக்கிய சாக்கு, வாங்க வேண்டாம்.' முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே என் முறை வந்தது. கோப்பையை இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு நான் எழுதினேன்:

'எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாங்க வேண்டாம்.'